முந்நூற்றுப் பதினொன்று

முந்தாநாள் மாலை நான்கு மணிக்குப்
பத்துக் கோடிப் பேரைப் பட்டினி போட்டேன்.
வூச் நகரத்தின் மேல் கரி படிந்த பனி
இறங்கிக்கொண்டிருந்தது.
டிராம் கம்பியில் நீலப் பொறி.
ஆய்வகத்தில் வெந்நீர்த் தொட்டி மட்டும்
நாற்பத்தைந்து பாகையில்
யாருக்கோ வாக்குக் கொடுத்ததுபோல் காத்திருந்தது.

இந்த சால்மோனெல்லாக்களுக்கு ஒரு குறை.
ஹிஸ்டிடின் என்கிற பண்டத்தைத்
தாமாகச் சமைத்துக்கொள்ளத் தெரியாது.
பரம்பரைச் சமையற்குறிப்பில்
ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டது;
அதற்குப் பின்னே வரும் வரியெல்லாம் உளறல்.
ஊட்டினால் உண்பார்கள்.
ஊட்டாவிட்டால் மங்கலாய் ஒரு படலம் கட்டி
அப்படியே நின்றுபோவார்கள்.

இளகிய அகாரில் அவர்களை விட்டேன்.
நாற்பத்தொன்றாம் எண் மாதிரியில் ஒரு சொட்டு.
அதன் பெயர் என்னவென்று எழுதியிருக்கவில்லை,
எழுதுவதில்லை.
பாதித் தட்டுகளுக்கு மட்டும்
ஸெனோபியுஷ் அரைத்துத் தந்த எலி ஈரல்.
எலிகளுக்கு அவர் பெயர் வைப்பதில்லை;
வெள்ளிக்கிழமைகளில் எவரோடும் பேசுவதும் இல்லை.

ஒரு சாய்ப்பு, ஒரு சுழற்று.
உறைந்ததும் கவிழ்த்து அடுக்கினேன்
முப்பத்தேழு பாகை இருட்டில்,
காய்ச்சலில்லாத ஓர் உடம்பின் சூட்டில்.

இன்று எண்ணுகிற நாள்.
பிழைத்தவர் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைப் புள்ளி:
தொலைந்த எழுத்து எப்படியோ சரியாகி,
சரியானதும் பெருகியவர்.
எதுவுமே தொடாத தட்டிலும் சிலர் இருப்பார்கள்,
இருபது, இருபத்தைந்து.
உலகம் தன்பாட்டில் செய்யும் எழுத்துப்பிழை அது.
அதற்கு மேல் போனால்
யாரோ உள்ளே புகுந்து ஏட்டைக் கலைக்கிறார்கள்.

அவர்களுக்கு மறுபிறப்பு.
நமக்கு அதுவே ஓலை.
புள்ளிகள் பூத்துக் கிடப்பதைப் பார்த்து
வருந்துவதற்கு எனக்குச் சம்பளம்.

ஈரல் சேராத தட்டுகள்:
இருபத்து நான்கு. இருபத்தேழு. இருபத்திரண்டு.
நிம்மதியாய்த் தேநீர் போட்டேன்.
ஈரல் சேர்ந்த முதல் தட்டைத் தூக்கினேன்.
மாவு சிந்திய மேசை.
பேனாவால் ஒவ்வொன்றாய்க் குத்தி,
கட்டைவிரலால் எண்ணியை அழுத்தி,
முந்நூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினேன். முந்நூற்று ஒன்பது.
மூன்றாம் முறை, குறையவேண்டும் என்றே எண்ணினேன்.
முந்நூற்றுப் பதினான்கு.

வந்ததை வெளுத்து அனுப்பத்தான்
ஈரல் பாடுபடுகிறது.
அந்தப் பாட்டிலேயே கத்தி தீட்டப்படுகிறது.

கையுறையைக் கழற்றும்போது பார்த்தேன், நுனியில் கறை.
பீட்ரூட்டும் இல்லை, செங்கல்லும் இல்லை.
பதினோரு வருடமாய் எனக்கு அந்த நிறத்தைத் தெரியும்.
அக்கா ஃபெலிட்சியாவின் நகக்கண்ணில்,
அவள் தலையணை உறையில்,
கிறிஸ்துமஸ் இரவில் நாங்கள் பிட்டுக்கொள்ளும்
மெல்லிய அப்பத்தின் ஓரத்தில்.

மறுபடி செய், என்றார் தலைவர்.
நியாயம்தான்.
அதுவரை பென்சிலால் எழுது, என்றார்.
பேனாவைத் தேடினேன். பையிலேயே இருந்தது.

வெளியே சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
அன்றிரவே அவள் சமையலறையில் சொன்னேன்.
"எத்தனை பேரில் முந்நூறு?"
"பத்துக் கோடியில்."
சாயப்பட்டறைச் சத்தத்துக்குப் பழகிய தொண்டையால்
சுவர் அதிரச் சிரித்தாள்.
"இதை நம்பி நான் லாட்டரிச் சீட்டுகூட வாங்கமாட்டேனே!"

அவளுக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.
ஓர் உடம்பில் எத்தனை கோடி அறைகள்,
பதினோரு வருடத்தில் எத்தனை வேலைநாள்.
கணக்கு எனக்கு வரும்.
வாய்தான் வரவில்லை.

நச்சுக்கு மாற்று என்று ஆலையில்
நாள்தோறும் தரும் அரை லிட்டர் பாலை
எனக்கென்று எடுத்துவைத்திருந்தாள்.
காய்ச்சி, கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள்.
பிடியில் அவள் விரல் பட்டுப் பட்டுச்
சிவந்த தடம்.

பாலின் மேல் ஆடை கட்டியது,
மெல்ல, மங்கலாய், ஒரு படலம்போல்.
குடிக்கவில்லை இன்னும்.
விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப்
பார்த்துக்கொண்டிருந்தேன்,
புள்ளி ஏதும் தெரிகிறதா என்று.